கவுத்துப்போட்ட பொட்டி

கேசட்டை வாயருகே வைத்து ஊதும்போது நாக்கு நுனியில் ஒரு ருசி ஒட்டும்; இரும்பும் தூசியும் கலந்த ருசி, எங்கள் ஊர்க் காற்றிலேயே இருக்கிற கந்தக வாடையும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். டிவி கேம் பொட்டியில் படம் வராமல் திரை கட்டம் கட்டமாக நின்றுவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, அதன் அடியில் வரிசையாக இருக்கும் பித்தளைப் பற்களை ஒரு மூச்சு ஊதி மறுபடி செருகவேண்டும். "ஊதிப் போடுறது" என்று அதற்குப் பெயர். அப்படி ஊதினால் எச்சில் பட்டுத் துருப்பிடிப்பதுதான் மிச்சம், வேறு பலன் எதுவும் கிடையாது என்று சமீபத்தில் யாரோ விளக்கமாக எழுதியிருந்ததைப் படித்தேன். எழுதியவர் மகராசனாக இருக்கட்டும். எங்கள் கடையில் அத்தனை கேசட்டும் ஊதித்தான் ஓடின.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற சாலையில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு பழைய டிவி, அதன் முன்னால் ஒரு பொட்டி, தரையில் கோரைப்பாய், சுவரில் போன வருஷத்துக் காலண்டர், அவ்வளவுதான். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலையில் இருந்தவர். ஒரு நாள் மருந்து பற்றிக்கொண்டதில் உயிர் தப்பியது, இடது கை விரல்கள் மட்டும் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கம்பெனியில் கொஞ்சம் பணம் கொடுத்து வீட்டில் இருந்து ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். அந்த ரெஸ்ட் கடைசிவரை முடியவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா அழுகைக்கு நடுவே ஒரே ஒரு வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள்: "எம் பிள்ளைக ரெண்டும் கம்பெனி வாசல மிதிக்கக் கூடாது." கம்பெனி கொடுத்த பணத்தில்தான் அந்த டிவியும் பொட்டியும் வந்தன. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்; கடையைப் பார்த்துக்கொண்டவர்கள் அப்பாவும் அக்காவும்தான்.

அக்கா பெயர் மாரீஸ்வரி. அப்போது பதினொன்றாம் வகுப்பு, நான் ஐந்தாவது. அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களில் அவர் கைக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸம்மாவுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்து, குப்பி எடுத்துக் கொடுத்து, கடைசியில் தானும் நர்ஸுக்குத்தான் படிக்கப்போகிறேன் என்று வீடு வந்து சேர்ந்தவள். அதை அவள் ஆசை மாதிரிச் சொல்லவில்லை, நாளைக்கு ரேஷன் போடுவார்கள் என்கிற மாதிரிச் சொன்னாள். வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

மற்ற ஊர்களில் டிவி கேம் கடை என்றால் மணிக்கணக்குதான். எங்கள் கடையில் ஆட்டக் கணக்கு. ஒரு ஆட்டம் ஒரு ரூபாய்; அவுட்டானால் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடவேண்டும். இந்த விலையை அப்பாதான் வைத்தார். வேறு யாராலும் அப்படி ஒரு விலையை வைத்திருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. சிறு வயதிலிருந்து உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியே பழகிய மனிதர் அவர். இத்தனை பட்டாசுக் குழாய் அடைத்தாயா, இந்தா கூலி. வெயிலா மழையா, எவ்வளவு நேரமாயிற்று, யாருக்கு என்ன கவலை? மணிக்கு இவ்வளவு என்று பிள்ளைகளிடம் வாங்குவது அவருக்குக் களவு மாதிரிப் பட்டது. உட்கார்ந்திருந்ததற்கெல்லாம் எப்படிலே காசு கேட்பது, ஆடின ஆட்டத்துக்குத்தானே காசு என்பார்.

முதல் கோடை விடுமுறையில் கடை பிய்த்துக்கொண்டு போனது. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்காரர்களின் பிள்ளைகள் ஆளுக்கொரு ரூபாயை உள்ளங்கையில் வேர்க்க வேர்க்க வைத்துக்கொண்டு வாசல்வரை நிற்பார்கள். வாத்துச் சுடுவது, டாங்கி ஓட்டுவது, சட்டையில்லாத இரண்டு பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடுவது என்று ஆட்டங்கள். அக்காதான் கேசட் மாற்றுவாள், ஊதுவாள், யாருக்குப் பின் யார் என்று பார்த்து உட்காரவைப்பாள், அடாப்டர் சூடேறி வாடை வந்தால் பொட்டியை அணைத்து விசிறியால் வீசுவாள். புதிதாக வருகிற பொடியனுக்கு எந்தப் பட்டனை அமுக்கினால் குதிக்கும், எதை அமுக்கினால் சுடும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பாள். நான் கடைக்காரர் மகள் என்ற திமிரில் ஆள் வராத காலை நேரமெல்லாம் ஓசியில் ஆடிக்கொண்டிருப்பேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், பிள்ளைகள் ஆட்டத்தைப் படித்துக்கொண்டார்கள். முதலில் ஒரு ரூபாய்க்கு ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தவன் விடுமுறை முடிவதற்குள் ஒரு மணி நேரம் ஆடினான். பக்கத்துத் தெரு குமார் என்று ஒருவன் இருந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு ரூபாயை வைத்தான் என்றால் விளக்கு வைக்கிறவரை அவுட்டாகவே மாட்டான். அவனைச் சுற்றிப் பத்துப் பேர் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்ப்பார்கள், ஒரு பயல் காசை வெளியே எடுக்கமாட்டான். அவனை எழுப்பிவிடச் சொல்லி அக்கா முணுமுணுத்தால் அப்பா விடமாட்டார். வேலைக்காரன் கை வேகமாக ஓடுகிறது என்பதற்காகக் கூலியைக் குறைக்கிற கம்பெனிகளைப் பற்றி அவருக்குப் பழைய கோபம் இருந்தது. அதைத் தன் கடையில் தானே செய்வதாவது! பேசின பேச்சுதான், ஆடட்டும் விடு என்பார். அவன் புதிதாக ஒரு கட்டத்தைத் தாண்டினால் முதலில் கைதட்டுவதும் அவர்தான், அந்த ஒட்டிப்போன கையை வைத்துக்கொண்டு.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் சாலைக்கு எதிர்ப்பக்கம் "சிடி கடை" வந்தது. ஊரில் பெரிய அச்சகம் வைத்திருந்த வீட்டுப் பையன், படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல் வைத்த கடை. அங்கே கேசட் கிடையாது. சாம்பல் நிறப் பொட்டியில் சிடியைப் போட்டால் நிஜ மனிதர்கள் மாதிரி ஆட்கள் வந்து சண்டை போட்டார்கள், நிஜ ரோட்டில் கார் ஓடியது. விட்ட இடத்திலிருந்து மறுநாள் ஆட ஒரு சின்ன அட்டை வேறு. மணிக்குப் பத்து ரூபாய். முதலில் அப்பா சிரித்தார், பத்து ரூபாய்க்கு யார் போவார்கள் என்று. நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு இரண்டரை ரூபாய் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் கடையில் மிஞ்சியவர்கள் குமாரும் அவனை மாதிரி ஒரு ரூபாய்க்கு நாள் முழுக்க ஆடத் தெரிந்தவர்களும்தான்.

அந்த அச்சகத்துப் பையன் கெட்டவன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனாகவே சாலையைத் தாண்டி வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோரைப்பாயில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, நீங்களும் மணிக்கணக்குக்கு மாறிருங்க. உங்களுக்கு அஞ்சு, எனக்குப் பத்து. நானும் குறைக்கமாட்டேன், நீங்களும் குறைக்காதீக. ரெண்டு கடையும் பொழைச்சுக்கிடும்."

அப்பா பக்கத்தில் கிடந்த கேசட்டுகளை எடுத்து அடுக்கிவைத்தார். பிறகு, "தம்பி, எங்கிட்ட வர்ற பிள்ளைக கையில ஒத்த ரூவாதான் இருக்கு. அஞ்சு ரூவான்னா அதுக எங்கன போகும்?" என்றார்.

பையன் எழுந்து போய்விட்டான். அக்கா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா செய்தது சரியா தப்பா என்று இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் அடுத்த வாரமே சிடி கடையில் பத்து ரூபாய் எட்டாகி, தீபாவளிக்குள் ஆறாகிவிட்டது. போனஸ் வாங்கிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் எதிர்ப்பக்கம்தான் கூட்டமாக நின்றார்கள்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகளை மூடிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பூஜை போட்டுத் திறக்கும்போது, வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு தொகையை மொத்தமாக "அட்வான்ஸ்" என்று கொடுப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கும். கையை நீட்டி வாங்கிவிட்டால் அந்த சீசன் முழுக்க அந்தக் கம்பெனி ஆள். அப்பா கைக்கு இனி யாரும் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள். கடையை நிறுத்தவேண்டும் அல்லது நாமும் ஒரு சிடி பொட்டி வாங்கவேண்டும் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நாளில், அரைத்துக்கொண்டிருந்த அம்மியை விட்டு நிமிராமலே அக்கா சொன்னாள்:

"எம் பேருல வாங்குங்கப்பா. பரீட்சை எழுதி முடிச்சதும் வேலைக்கு வாரேன்னு சொல்லுங்க. ஒரு சீசன்தான. அடுத்த வருசம் நர்ஸுக்குச் சேந்துக்கிடுறேன்."

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்பாவோடு பேசவும் இல்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. சித்திரையில் அக்காவுக்குப் பதினெட்டு முடிகிறது, அதற்குமேல் வரட்டும் என்று கம்பெனி கணக்கப்பிள்ளை சம்மதித்துப் பணத்தைக் கொடுத்தார். கடை ஓடிவிட்டால் அந்தப் பணத்தை முன்னாலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், அக்கா போகவே வேண்டியிருக்காது என்று அப்பா எங்கள் எல்லாரிடமும் தனித்தனியாகச் சொன்னார். என்னிடம்கூடச் சொன்னார்.

மதுரையில் வாங்கிவந்த பொட்டி பழசு. வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரமே சிடி சுற்றும், படம் வராது. உள்ளே இருக்கிற லென்ஸ் தேய்ந்துவிட்டதாம். பொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தால் ஓடும் என்று குமார்தான் எங்கேயோ கேட்டுவந்து சொன்னான். கவிழ்த்தோம், ஓடியது! அன்றிலிருந்து எங்கள் கடைக்குக் "கவுத்துப்போட்ட பொட்டி கடை" என்று பெயர். ஒவ்வொரு முறையும் சிடியை மாற்ற அக்கா பொட்டியை நிமிர்த்தவேண்டும், மூடியைத் திறந்து மாற்றவேண்டும், மறுபடி மூடி, கையால் அணைத்தபடி மெதுவாகக் கவிழ்க்கவேண்டும். பச்சைப் பிள்ளையைக் குப்புறப் போடுகிற மாதிரிப் போடுவாள். பிள்ளைகள் கேலி செய்தாலும் வந்தார்கள்; அரையாண்டு விடுமுறையில் முன்னறை மறுபடி நிறைந்தது. அம்மா அப்பாவோடு பேச ஆரம்பித்தாள்.

பொங்கலுக்கு எதிர்க்கடையில் புதுப் பொட்டி இறங்கியது. கறுப்பாக, ஒல்லியாக, சுவரில் சாய்த்து நிறுத்தலாம் போல இருந்தது. சிடிக்குப் பதில் டிவிடி. அதில் வந்த ஆட்களுக்கு வேர்வைகூட வழிந்தது. புதுசுக்குப் பத்து ரூபாய் என்று போர்டு மாட்டிய பையன், பழைய சாம்பல் பொட்டியை மணிக்கு மூன்று ரூபாய்க்கு விட்டுவிட்டான். எங்களிடம் இருந்த அதே பொட்டி, அதுவும் நேராக நிமிர்ந்து ஓடுவது, மூன்று ரூபாய்! எங்கள் முன்னறை ஒரே வாரத்தில் காலியானது. அப்பா வாசலில் உட்கார்ந்து எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா பரீட்சை எழுதினாள். முடிவு வந்தபோது அவள் பள்ளிக்கூடத்திலேயே நல்ல மார்க். டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்து, மதுரையில் நர்ஸிங் சேர்வதற்கு இப்போதே விண்ணப்பம் வாங்கிவிடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியிலிருந்தும் ஆள் வந்து எப்போது வருகிறாள் என்று கேட்டுவிட்டுப் போனான். பொட்டியை விற்று அட்வான்ஸைத் திருப்பிவிடுவது ஒன்றுதான் வழி. அப்பா, அக்கா, நான், மூன்று பேரும் பொட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினோம். அக்கா வழி முழுக்க அதை மடியில் வைத்திருந்தாள்.

விற்ற கடைக்காரரிடமேதான் போனோம். அவர் துண்டைப் பிரிக்கும்போதே உதட்டைப் பிதுக்கினார். புதுசையே இப்போது பாதி விலைக்குத் தருகிறார்கள், பழசை யார் வாங்குவார்கள் என்றார். அப்பாவுக்கு விளங்கவில்லை. ஆறுமாதத்துக்கு முன்னால் நீங்கள்தானே இந்த விலை சொன்னீர்கள், பொட்டி அதே பொட்டிதானே என்று நிதானமாகக் கேட்டார்.

"அண்ணே, வெலையக் குறைச்சது நானா? வெளிநாட்டுல கம்பெனிக்காரங்களுக்குள்ள போட்டி. ஒருத்தன் குறைச்சா இன்னொருத்தன் குறைக்கிறான். நம்ம என்ன செய்ய?" என்றவர், பொட்டியைப் போட்டுப் பார்த்தார். படம் வரவில்லை. அக்கா சட்டென்று குனிந்து, அணைத்தபடி அதைக் கவிழ்த்துவைத்தாள். படம் வந்தது. கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை, அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்ன விலை எங்கள் மூன்று பேரின் பஸ் செலவுக்கு மேல் கொஞ்சம் வரும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். பொட்டியைச் செய்தவனுக்குக் கூலி கொடுத்துத்தானே செய்திருப்பார்கள், கொடுத்த கூலி குறையாமல் பொருளின் விலை எப்படிக் குறையும்? யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருமங்கலம் தாண்டியதும், "விடுங்கப்பா, ஒரு சீசன்தான" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கம்பெனி வேன் வந்து தெருமுனையில் நின்றது. அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, அப்பாவின் பழைய சட்டையைப் பாவாடை தாவணிக்கு மேலே மாட்டிக்கொண்டு போனாள். அப்பா வேன்வரை கூடப் போனார். அம்மா அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், ஜடை பின்னிவிட ஆளில்லாமல் அழுதேன். அன்றைக்கு அழுததற்கு அதுதான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அந்த சீசன் முடிந்தது. அடுத்த பூஜைக்கு முன்னால் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், அட்வான்ஸ். அதற்கடுத்து என் ஹாஸ்டல் பணம், அட்வான்ஸ். பிறகு அக்கா கல்யாணமே அந்தப் பணத்தில்தான் நடந்தது. வந்த மாப்பிள்ளையும் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். டீச்சர் சொன்ன விண்ணப்பத்தைப் பற்றி அக்கா எந்த நாளும் பேச்செடுத்ததில்லை. யாராவது கை கிழித்துக்கொண்டு வந்தால் மட்டும் அவள் கட்டுப்போடுகிற அழகைப் பார்த்துத் தெருவே சொல்லும், ஆஸ்பத்திரியில்கூட இப்படிப் போடமாட்டார்கள் என்று. எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது.

நான் படித்தேன், கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பொட்டிகளின் போட்டியைப் பற்றி இப்போது விலாவாரியாக எழுதுகிறார்கள். எவன் முந்தினான், எவன் பிந்தினான், எவன் எப்போது விலையை உடைத்தான் என்று மகாயுத்தம் மாதிரி வருணனை. வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காகப் பொட்டியை நஷ்டத்துக்கே விற்பார்களாம், பிறகு ஆட்டங்களை விற்று எடுத்துக்கொள்வார்களாம். கெட்டிக்காரர்கள். நஷ்டத்தைத் தாங்குகிற தெம்பு அவர்களுக்கு இருந்தது. எங்கள் வீட்டில் தாங்கியது அக்கா ஒருத்திதான். இதை எழுதும்போது எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை; எதிரே ஆள் இல்லையே.

எதிர்க்கடையும் நிலைக்கவில்லை. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரும் கைக்குக் கை செல்போனும் வந்ததும் அந்தப் பையன் பொட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டு அச்சகத்துக்கே போய்விட்டான். எங்கள் முன்னறை இருந்த இடத்தில் இப்போது நகை அடகுக் கடை. அப்பா இல்லை. ஒரு ரூபாய்க்கு ஓர் ஆட்டம் என்றால் என் மகன் நம்பமாட்டான். வேன் மட்டும் அதே தெருமுனையில் நிற்கிறது, பெயிண்ட் மாறியிருக்கிறது.

போன தீபாவளிக்குக் கம்பெனி மூடியதும் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மகன் டிவி முன்னால் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். இன்றைய பொட்டி, இன்றைய விலை. அக்கா அவனுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எங்கே ஆள் வரும், எங்கே குதிக்கவேண்டும் என்று அவன் தோள் அசைவதற்கு முன்னாலேயே அவள் தோள் அசைந்தது. நான் அருகில் போய் உட்கார்ந்து, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். அந்தக் கடைமேல் அவளுக்குக் கோபமே இல்லையா என்று.

"கடை மேல என்ன கோவம்? நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். திரையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே ஒரு தடவ நாமளும் ஆடிப் பாக்கணும்னு இருக்கும் பாப்பா. எப்பயும் யாராச்சும் காத்துக்கிட்டு இருப்பாக" என்றாள்.

அந்த முன்னறையை மனசுக்குள் மூலை மூலையாகத் தேடிப் பார்த்தேன். ஊதுகிற அக்கா, கவிழ்க்கிற அக்கா, சொல்லிக்கொடுக்கிற அக்கா எல்லாரும் இருந்தார்கள். ஆடுகிற அக்கா இல்லை. பெரியம்மாவிடம் கொடுடா என்று மகனிடம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவன் கையிலிருந்த கன்ட்ரோலரை உடனே நீட்டினான்.

அக்கா வாங்கவில்லை. "பிள்ளை ஆடட்டும், பாதியில புடுங்காத. கம்பெனி தொறக்க இன்னும் நாள் கெடக்கு, அப்பறமா ஆடிக்கிடுறேன்" என்றாள்.

ஊருக்குப் பஸ் ஏறுகிற நாள்வரை அவள் அதைத் தொடவில்லை.